பெலிஸ் நகரத்து ஃபங்க்: நகல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 11 ஜனவரி 2025

கரீபியத் தீவு நாடான பெலிஸின் பழைய ஃபங்க் (அமெரிக்கக் கருப்பினத்தவரிடம் பிறந்த நடன இசை) பாடல்கள் என்று எல்லோரும் புகழ்கிறார்களே என்று ‘பெலிஸ் சிட்டி பாயில் அப்’ தொகுப்பை இரண்டு முறை கேட்டேன். அமெரிக்காவில் ஏற்கெனவே புகழ்பெற்ற மெட்டுகளைத் திரும்ப வாசித்ததைத் தவிர இதில் என்ன இருக்கிறது? அசலே கிடைக்கும்போது நகலை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

11 ஜனவரி, இரவு

இரண்டு முறை போதாது.

பெலிஸ் தீவு அல்ல. மெக்சிகோவுக்குத் தெற்கே, குவாத்தமாலாவுக்குக் கிழக்கே, மத்திய அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கிற நாடு. ஆனாலும் கரீபிய நாடு என்று சொல்வதில் பிழையில்லை. ஆங்கிலம் ஆட்சிமொழி, ஆங்கிலத்திலிருந்து கிளைத்த கிரியோல் தெருமொழி, 1974 முதல் கரீபியச் சமூக அமைப்பில் உறுப்பினர். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் இரண்டும் நாங்கள்தான் என்பார்கள்.

நகல் என்ற சொல்லுக்கு நாளை வருகிறேன். இப்போது எழுதினால் கோபத்தில் எழுதுவேன்.

12 ஜனவரி

நான் 2011 முதல் 2013 வரை பெலிஸ் நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கால்வாய்க் கரையோரம் ஒரு மரவீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தேன். கீழே எழுபது வயதைத் தாண்டிய வீட்டுக்காரம்மாள். சனிக்கிழமைகளில் அவர் சமையலறையிலிருந்து பாட்டு மேலே வரும். மகள் சிகாகோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த குறுந்தகடு அது. அதுதான் இந்தத் தொகுப்பு.

விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் 2003இல் தொடங்கப்பட்ட நியூமரோ குரூப் என்ற நிறுவனம் 2005இல் வெளியிட்டது. ‘கல்ட் கார்கோ’ என்ற வரிசையில் முதல் தொகுப்பு. 1960களிலும் 70களிலும் பெலிஸ்காரர்கள் பதிவுசெய்த பாடல்கள். காம்ப்டன் ஃபேர்வெதர் என்பவர் நடத்திய சி.இ.எஸ். என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தின் இசைத்தட்டுகளே இதற்கு முதுகெலும்பு. லார்ட் ரேபர்ன், ஹெசுஸ் அகோஸ்டாவும் ‘தி புரொஃபெஷனல்ஸ்’ குழுவும், ‘தி ஹார்மனெட்ஸ்’ ஆகியவர்களை இதில் கேட்கலாம்.

1970இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 1,20,000. அதில் தட்டு சுழற்றும் கருவி வைத்திருந்தவர்கள் எத்தனை வீடு இருந்திருக்கும்? அவ்வளவு சிறிய சந்தையில் ஒருவர் கைக்காசைப் போட்டு இசைத்தட்டு வெளியிட்டார் என்பதே எனக்கு இன்னும் வியப்பு. லாபக்கணக்கு எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், எந்தப் பேரேட்டிலும் அது வரவாக முடியாது.

நகல் என்பதற்கு இப்போது வருகிறேன். ‘தி காட்ஃபாதர்’ படத்தின் மையமெட்டை புரொஃபெஷனல்ஸ் வாசித்திருக்கிறார்கள். 1972இல் வந்த படம். நினோ ரோட்டாவின் மெட்டு. உலகத்தில் அந்த மெட்டை வாசிக்காத குழு எது? ஆனால் ரோட்டாவின் துக்கம் இங்கே நடனத்தளத்துக்கு வந்துவிடுகிறது. படத்தில் ஒரு மனிதனின் தனிமையாகக் கேட்டது, இங்கே வியர்த்துக்கொண்டிருக்கும் நூறு பேர் நடுவே கேட்கிறது. மெட்டு ஒன்று, அது செய்கிற வேலை வேறு. அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

12 ஜனவரி, சற்றுப் பின்

தலைப்பின் பொருளைக் கேட்டவருக்கு: ‘பாயில் அப்’ என்பது ஆப்பிரிக்கரும் ஐரோப்பியரும் கலந்து உருவான பெலிஸ் கிரியோல் மக்களின் ஒரு மீன்குழம்பு.

14 ஜனவரி

குழம்பு என்று எழுதியது தவறு. அவசரத்தில் எழுதிவிட்டேன், இரண்டு நாளாக உறுத்துகிறது. வீட்டுக்காரம்மாள் படித்திருந்தால் கரண்டியோடு மாடிக்கு வந்திருப்பார்.

அவர் செய்வதை அடுப்பருகே நின்று பார்த்திருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சேம்பு, வாழைக்காய் எல்லாம் பெரிய துண்டுகளாக வேகும். முட்டை ஓட்டோடு வேகும். உப்பில் ஊறிய பன்றிவால் தனியாக வேகும், உப்பு இறங்க ஒருமுறை தண்ணீர் மாற்றுவார். மைதாமாவைப் பிசைந்து நீளமாக உருட்டிப் போட்ட கொழுக்கட்டை ஒன்று உண்டு. இனிப்பு இல்லாவிட்டாலும் அதைக் ‘கேக்’ என்றே அழைப்பார்கள். கடைசியில் மீன், அது உடையாமல் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, தேங்காயெண்ணெயில் வெங்காயமும் தக்காளியும் வதக்கிய சாற்றை மேலே ஊற்றுவார்.

ஒன்றோடொன்று கரைவதில்லை என்பதுதான் முக்கியம். கிழங்கு கிழங்காகவே இருக்கும், மீன் மீனாகவே இருக்கும். மேலே ஊற்றிய சாறு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. தொகுப்புக்கு இந்தப் பெயரை வைத்தவருக்கு உண்மையாகவே காது இருக்கிறது. டிரினிடாட்டின் கலிப்ஸோ ஒன்று, ஜமைக்காவின் ரெகே ஒன்று, ஸ்பானிய வாடை வீசும் நடனமெட்டு ஒன்று, அமெரிக்கக் கருப்பினத்தவரின் சோல் ஒன்று என்று தனித்தனியாக வந்து நிற்கின்றன. பொதுவாக ஊற்றிய சாறு எது என்று கேட்டால் தாழ்ந்த சுருதியில் அடியோட்டமாக வரும் பேஸ் கிட்டார் என்பேன்.

15 ஜனவரி

ஃபங்க் என்றால் என்ன என்று எளிமையாகச் சொல்லச் சொன்ன நண்பருக்கு. நான் இசை படித்தவன் அல்ல, காலால் கேட்பவன். தாளச் சுற்றின் முதல் அடியில் முழு எடையையும் இறக்கிவிட்டு, மீதி அடிகளில் ஒவ்வொரு கருவியும் ஒன்றன் இடைவெளியில் இன்னொன்று நுழைவது. ஃபங்கின் முன்னோடியான அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவினரிடம் எப்போதும் வற்புறுத்தியது அந்த முதல் அடியைத்தான். கிட்டார்கூட அங்கே தாளக்கருவி ஆகிவிடுகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தத் தொகுப்பில் பாதிதான் ஃபங்க். மீதியை அப்படி விளம்பரம் செய்வது விற்பவர்களின் வசதி.

19 ஜனவரி

“பாதிதான் ஃபங்க் என்றால் மீதி எதற்கு?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

மீதிதான் எனக்குப் பிடித்தது. ஏன் அப்படிக் கலந்து இருக்கிறது என்பதை வீட்டுக்காரம்மாள் சொன்ன கதையிலிருந்து புரிந்துகொண்டேன். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது சனி இரவு நடனத்துக்கு ஒரே குழுதான் விடியும்வரை வாசிக்கும். எட்டு மணிக்குப் பெரியவர்கள் வருவார்கள். அவர்களுக்கு வால்ட்ஸும் பொலேரோவும் வேண்டும். வடக்கே கொரோசால், ஆரஞ்ச் வாக் பக்கமிருந்து ஸ்பானிய மொழிக்காரர்கள் வந்திருந்தால் கும்பியா வேண்டும். பிறகு கலிப்ஸோ. பெரியவர்கள் வீடு திரும்பியதும் இளையவர்கள் சோல் கேட்பார்கள். “மகனே, பாட்டு தெரியாது என்று சொன்ன குழுவை அடுத்த வாரம் யாரும் அழைக்கமாட்டார்கள்” என்றார்.

ஒரே கைகள் இத்தனையையும் வாசித்ததால்தான், ரேபர்ன் குழு சோல் வாசிக்கும்போதும் கலிப்ஸோவின் துள்ளல் அடியில் ஓடுகிறது. ‘லார்ட்’ என்ற பட்டமே கலிப்ஸோ மரபிலிருந்து வந்தது. டிரினிடாட்டில் பாடகர்கள் அப்படித்தான் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொள்வார்கள். அவருடைய இயற்பெயர் ஜெரால்ட் ரேபர்ன்.

அமெரிக்க இசை எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 1980ஐ ஒட்டித்தான் அங்கே தொலைக்காட்சி வந்தது. அதுவரை ஓர் அமெரிக்கக் குழு மேடையில் எப்படி நிற்கும், எப்படி ஆடும் என்று வீட்டிலிருந்தபடி பார்க்க வழியில்லை. வானொலியும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய தட்டுகளும்தான். காதால் மட்டும் பிடித்தார்கள். காதுக்குப் பிடிபடாததைத் தங்கள் கையிலிருந்து நிரப்பினார்கள். அப்படி நிரப்பிய இடங்களைத் தேடித்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

19 ஜனவரி, பின்னிரவு

தொலைக்காட்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது, விலகிப்போவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாக முதலில் பெலிஸில் தெரிந்த நிலையங்களில் ஒன்று சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். அது சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை நாள்தோறும் ஒளிபரப்பியது. விளைவு, 1980களில் ஒரு நாடே கப்ஸ் ரசிகர் ஆனது. நான் இருந்தபோதும் கப்ஸ் தொப்பி அணிந்த முதியவர்களைப் பாலத்தருகே பார்த்திருக்கிறேன். சிகாகோவிலிருந்து அந்தக் காட்சி போனது. கால் நூற்றாண்டு கழித்து இவர்களுடைய பாட்டு சிகாகோவிலிருந்து தொகுக்கப்பட்டு வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனக்கு மட்டும் அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

26 ஜனவரி

முதல் நாள் நான் எழுதியதைவிடக் கேள்வியில் நியாயம் அதிகம். ஒரு வாரமாக அசல் பாடல்களைத் தேடித்தேடிப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஒன்றிரண்டு இடங்களில் பெலிஸ் குழு அசலை அடி பிசகாமல் பின்தொடர்கிறது; நான் சொன்ன நிரப்பும் வேலை நடக்கவே இல்லை. அன்புக்குரிய ஒன்றைக் காப்பாற்றும் வேகத்தில் எல்லாவற்றையும் ஒரே நிறையில் நிறுத்திவிட்டேன். அந்தப் பாடல்கள் நடனத்தளத்தில் மக்கள் கேட்டதைக் கொடுத்த பாடல்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது வலிப்பது. மற்றவர் மெட்டை வாசித்துப் பதிவுசெய்தால் இயற்றியவருக்குரிய உரிமைத்தொகை அந்த மெட்டைப் போட்டவருக்கே போகும். சட்டப்படி அதுதான் முறை. அப்படியானால் நாற்பது ஆண்டு கழித்து ஒரு தொகுப்பு உலகெங்கும் விற்றாலும், அந்தப் பாட்டை இயற்றியவருக்குரிய பங்கு பெலிஸுக்கு வராது. பதிவுக்குரிய பங்கு மட்டுமே வர முடியும். சொந்தமாக எழுதிய பாடல்களைத் தேடிப்பிடித்து முதலில் கேளுங்கள் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

27 ஜனவரி

ஆனால் காட்ஃபாதர் பற்றி எழுதியதை மாற்றமாட்டேன்.

2 பிப்ரவரி

ஏன் இவ்வளவு குறைவாகத் தட்டுகள் மிஞ்சின என்று கேட்டவருக்கு. பெலிஸ் நகரம் கடல்மட்டத்தோடு கடல்மட்டமாகக் கிடக்கிற ஊர். 1961 அக்டோபர் 31 அன்று ஹாட்டி என்ற புயல் கடலையே ஊருக்குள் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த அழிவுக்குப் பிறகுதான் தலைநகரை உள்நாட்டில் புதிதாகக் கட்டினார்கள். 1970இல் அரசு பெல்மோபானுக்குப் போனது. வீட்டுக்காரம்மாளின் அப்பா வைத்திருந்த கிராமபோனும் தட்டுகளும் அந்த ஒரே இரவில் போயின. “தட்டுகள் அடுத்த தெருவில் சேற்றில் கிடந்தன. லேபிள் எல்லாம் உரிந்துவிட்டது. எந்தத் தட்டில் எந்தப் பாட்டு என்று சொல்ல முடியவில்லை” என்றார்.

புயல் இல்லாத ஆண்டுகளிலும் உப்புக்காற்று, ஈரம், எறும்பு. என் இரண்டு ஆண்டு இருப்பிலேயே கணக்குப் புத்தகங்கள் பூஞ்சை பிடித்தன. இசைத்தட்டு எம்மாத்திரம்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தொகுப்பில் ஊசி உரசும் கரகரப்பு கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை.

3 பிப்ரவரி

“அப்போது பெலிஸ் என்ற நாடே இல்லையே” என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். 1973 ஜூன் 1 வரை அதன் பெயர் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ். விடுதலை 1981 செப்டம்பர் 21 அன்று. அந்த நிலம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று குவாத்தமாலா உரிமை கொண்டாடியதால்தான் இவ்வளவு தாமதம். ஆக இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை நாடு பிறக்கும் முன்பே பதிவானவை.

16 பிப்ரவரி

கரிஃபுனா இசை ஏன் இதில் இல்லை என்ற கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. இது நியாயமான கேள்வி. நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரிஃபுனா மக்கள் செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கரும் தீவின் ஆதிகுடிகளும் கலந்து உருவானவர்கள். ஆங்கிலேயர் 1797இல் அவர்களைத் தீவைவிட்டே கப்பலேற்றி ஹோண்டுராஸ் கடலோரத்து ரோவட்டான் தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கடற்கரையெங்கும் பரவினார்கள். பெலிஸில் 1832 நவம்பர் 19 அன்று வந்து இறங்கியதை இன்றும் விடுமுறை நாளாகக் கொண்டாடுகிறார்கள். பெலிஸின் கடலோர ஊரான தங்ரிகாவில் ஒருமுறை அந்த நாளில் இருந்தேன். விடியற்காலையில் படகுகள் கரைக்கு வருவதை நடித்துக் காட்டுவார்கள். டிரம் ஓசை கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட எழுந்துவந்தன.

இந்தத் தொகுப்பு பெலிஸ் நகரத்து நடனக்குழுக்களின் கதை. அந்த மேடைகளில் கரிஃபுனா டிரம்முக்கு அன்று இடம் இருக்கவில்லை. அது சடங்கிலும் கிராமத்திலும் இருந்தது. 1970களின் கடைசியில் தங்ரிகாவில் ஓவியரும் இசைஞருமான பென் கயெட்டானோ ஆமையோட்டையும் டிரம்மையும் மின்கிட்டாரோடு சேர்த்து ‘புண்டா ராக்’ என்பதைத் தொடங்கிவைத்த பிறகுதான், ஃபங்க் கேட்டு வளர்ந்த இளையவர்கள் தங்கள் பாட்டனாரின் தாளத்துக்கு ஆடத் தொடங்கினார்கள். ஆண்டி பலாசியோ என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1980இல் எழுத்தறிவு இயக்கத் தொண்டராக நிகராகுவா போனவர், அங்கே கரிஃபுனா மொழி முதியவர்கள் வாயில் மட்டும் எஞ்சியிருப்பதைக் கண்டார். தன் ஊருக்கும் அதுதான் நாளை என்று புரிந்துகொண்டு அந்த மொழியிலேயே பாட முடிவெடுத்தார். 2007இல் வந்த அவருடைய ‘வாட்டினா’ உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2008 ஜனவரி 19 அன்று, 47 வயதில், இறந்துவிட்டார்.

அவருடைய குரலைக் கேட்டுவிட்டு இந்தத் தொகுப்புக்குத் திரும்பினால், இது நாட்டின் முழுப்படம் அல்ல, ஒரு நகரத்தின் சனி இரவு மட்டுமே என்பது விளங்கும். கிரியோல் மக்களின் சொந்த இசையான ‘புருக்டவுன்’கூட இதில் முன்னால் வருவதில்லை. மகோகனி மரம் வெட்டும் முகாம்களில் பிறந்த இசை அது. அக்கார்டியன், பாஞ்சோ, கிட்டாரோடு கழுதையின் தாடையெலும்பையும் உரசி வாசிப்பார்கள். அதற்கு வில்ஃப்ரெட் பீட்டர்ஸின் பதிவுகளைத் தேட வேண்டும்.

17 பிப்ரவரி

தாடையெலும்பு உண்மையா என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். உண்மை. பற்களின்மேல் குச்சியை இழுத்தால் வரும் ஓசை. கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், நினைத்ததைவிடக் கனம் குறைவு.

9 மார்ச்

பஹாமாஸ் தொகுப்போடு ஒப்பிடச் சொன்னவருக்கு. அதே வரிசையில் 2007இல் வந்த ‘கிராண்ட் பஹாமா கூம்பே’. ஃப்ரீபோர்ட் நகரில் ஃபிராங்க் பென் நடத்திய ஜி.பி.ஐ. நிறுவனத்தின் பதிவுகள். ஆடுவதற்கு மட்டும் என்றால் அதையே வாங்குங்கள், தயக்கமே வேண்டாம். சிரில் ஃபெர்குசன் அதில் ஒரு நாட்டைக் கட்டப்போகிறோம் என்று பாடுவதைக் கேட்கும்போது, 1973 ஜூலை 10 அன்று அந்தத் தீவுகள் விடுதலை அடைந்த காலத்தின் சூடு இன்னும் ஆறவில்லை என்று தோன்றும். பஹாமாஸ் அருகில் மயாமி இருந்தது, சூதாட்டவிடுதிகள் இருந்தன, குழுக்களுக்கு வேலை இருந்தது. 1971இல் நாசோ நகரத்து மன்னிங்ஸ் சகோதரர்களின் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 15ஆம் இடம்வரை ஏறியது. பெலிஸ் குழு எதற்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

எனக்கு எது பிடிக்கும் என்றால் பெலிஸ்தான். அங்கே வாழ்ந்தேன், அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேச விருப்பமில்லை.

22 மார்ச்

தொகுப்பில் எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிற குரல் யாருடையது என்று கேட்டீர்கள். நாடியா கட்டூஸ். 1924இல் பெலிஸ் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து பிரிட்டனுக்குப் போய், அங்கே நடிகையாகவும் நாட்டார் பாடகியாகவும் பெயர் பெற்றார். அவர் பாடலில் ஃபங்க் துளியும் இல்லை, அது ஏன் இங்கே இருக்கிறது என்று முன்பு நானே தாண்டிப்போனது உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று, நூறாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் இறந்தார் என்ற செய்தி வந்தபோது அந்தப் பாடலை மட்டும் தனியாகக் கேட்டேன். ஊரைவிட்டுப் போனவரின் குரல். ஆடுபவர்களுக்கு நடுவே யாரோ வாசலில் நின்று உள்ளே பார்ப்பதுபோல. இப்போது அதைத் தாண்டுவதில்லை.

6 ஏப்ரல்

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, காட்ஃபாதரை ஐந்து முறை கேட்டதாகவும் மற்றவற்றில் இன்னும் மனம் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஐந்து முறை கேட்டதற்கு நன்றி. கைப்பேசியில் கேட்டிருந்தால் பேஸ் கிட்டார் காதுக்கு எட்டியிருக்காது. பெரிய ஒலிபெருக்கியில், கொஞ்சம் தள்ளி, அடுத்த அறையிலிருந்து கேட்டுப்பாருங்கள். நான் மாடியில் இருந்து கேட்டது அப்படித்தான்.

வீட்டுக்காரம்மாளுக்கு நேற்று தொலைபேசினேன். வயது எண்பதுக்கு மேல், காது மந்தம். இங்கே நடந்த பேச்சைச் சொன்னேன். நகல் என்று சிலர் சொல்கிறார்கள் என்றதும் சற்று நேரம் பேசவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கேட்டது என்றார். “நான் ரேபர்னுக்கு ஆடியபோது வேறு யாருடைய பாட்டும் என் நினைவில் இல்லை, மகனே” என்றார். பிறகு பன்றிவால் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.